ஜீப் எஞ்சினின் முதல் நிறம்: காஸ்டிக் தொட்டிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பழைய ராணுவ ஜீப்பின் எஞ்சினுக்கு ஃபேக்டரியில் என்ன நிறம் அடித்தார்கள் என்பதற்கான சாட்சி பெரும்பாலும் எஞ்சின் சிலிண்டரைக் கடையும் போரிங் பட்டறையின் காஸ்டிக் தொட்டியில்தான் அழிகிறது. பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலை, அனுப்பினால் பட்டறைக்காரர் முதல் வேலையாக அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் இறக்குவார். அவருக்கு அது சுத்தம் செய்யும் வேலை. மறுநாள் வெறும் வார்ப்பிரும்பு திரும்பி வரும், அதற்கப்புறம் யார் என்ன நிறம் சொன்னாலும் ஊகம்தான். ஆகவே நிறம் பார்க்கும் வேலை எஞ்சினை வண்டியிலிருந்து இறக்குவதற்கும் முன்னால் தொடங்க வேண்டும். பட்டறைக்குப் போகும்போதும், "அண்ணே, நான் சொல்ற வரைக்கும் காஸ்டிக்ல போடாதீங்க" என்று வாயால் சொன்னால் போதாது. பிளாக்கிலேயே ஒரு அட்டையைக் கம்பியால் கட்டி எழுதி அனுப்புங்கள். சொன்னது முதலாளியிடம் நிற்கும், தொட்டியில் இறக்குவது பையன்.

கம்பம், போடி, குமுளி வட்டாரத்து வண்டிகளில் சிக்கல் இன்னும் அதிகம். கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏற்றத்தில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்புகள் பல தடவை எஞ்சின் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு தடவையும் கையில் இருந்த பெயிண்டை அடித்து விடுவார்கள். சில்வர், அதன்மேல் நீலம், அதன்மேல் டிராக்டர் சிவப்பு என்று அடுக்கு ஏறியிருக்கும். மேலே தெரியும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முதலில் அது எந்த எஞ்சின் என்று உறுதி செய்யுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பைப் பெருமளவில் இரண்டு கம்பெனிகள் செய்தன: வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. இரண்டிலும் ஒரே வடிவமைப்பு, 134 கன அங்குலம், 60 குதிரைத்திறன், வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் 'கோ டெவில்' எஞ்சின். ஹெட் (பிளாக்கின் மேல்மூடி) தட்டையாக இருக்கும், பிளக்குகள் அதன் மேலே நிற்கும். ஹெட்டின் மேல் ராக்கர் கவர் (வால்வு பாகங்களை மூடும் தகடு) இருந்து, கார்புரேட்டரும் ஹெட்டோடு சேர்ந்து உயரத்தில் உட்கார்ந்திருந்தால் அது 'ஹரிக்கேன்' எஃப் ஹெட் எஞ்சின், அதாவது வால்வுகளில் பாதி ஹெட்டிலும் பாதி பிளாக்கிலும் இருப்பது. 1953இல் வந்த வில்லிஸ் சி.ஜே. 3பி மாடலுக்கு உயரமான பானட் வந்ததே இந்த எஞ்சினுக்காகத்தான். மஹிந்திரா நெடுங்காலம் செய்த ஜீப்பும் அந்த வகை. பானட் போர்க்கால ஜீப்பில் இருப்பது போலத் தாழ்வாகவும் எஞ்சின் எஃப் ஹெட்டாகவும் இருந்தால் பானட்டையோ எஞ்சின் மவுண்டையோ யாரோ வெட்டி மாற்றியிருக்கிறார்கள். அந்த எஞ்சினில் போர்க்கால நிறத்தைத் தேடிப் பயனில்லை.

எஞ்சின் நம்பர் பிளாக்கின் முன்பக்க மேல்மூலையில், ஆயில் ஃபில்டருக்கு அருகில், சிறிய மேட்டில் அடித்திருக்கும். முன்னெழுத்து எம்.பி.யா, ஜி.பி.டபிள்யூவா என்று பாருங்கள். நம்பர் குழிகளில் அடைந்த பெயிண்டை மண்ணெண்ணெயும் பல்குச்சியும் வைத்து மட்டும் எடுங்கள். கம்பி பிரஷ், கிரைண்டர், சாண்ட் பேப்பர் எதுவும் அந்த மேட்டின் பக்கம் வரக்கூடாது. ஆர்சி புக்கில் இருக்கும் நம்பரோடு பொருந்தாவிட்டால் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு முதலில் காகிதத்தைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த நம்பரைப் பார்த்தாலே வண்டி ஆய்வாளருக்குச் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தை அப்புறம் தீர்ப்பது பெரும்பாடு. ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும் 'எஃப்' எழுத்தைப் பொறித்திருக்கும். ஒரே எஞ்சினில் 'எஃப்' போல்ட்டும் வேறு போல்ட்டும் கலந்திருந்தால் அது ஒரு தடவையாவது பிரித்துக் கோர்த்த எஞ்சின். இராணுவப் பணிமனைகளில் வில்லிஸ், ஃபோர்டு என்று பார்க்காமல் பாகங்களை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதனால் சேசிஸ் ஃபோர்டாக இருந்தால் எஞ்சினும் ஃபோர்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பொதுவிதி ஒன்று உண்டு: வில்லிஸ் எஞ்சின் ஆலிவ், ஃபோர்டு எஞ்சின் சாம்பல். தேடலைத் தொடங்க இது போதும். ஆனால் இந்த விதியைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பழைய சாம்பல் பெயிண்ட் ஆலிவ் மாதிரியே தெரியும். அந்தக் காலத்து எனாமலில் எண்ணெய் சேர்ந்த பிசின் உண்டு. வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளாகும், எஞ்சின் சூட்டில் இன்னும் வேகமாக மஞ்சளாகும். அதன்மேல் பல வருஷக் கருப்பு ஆயில் ஊறும். நடுத்தரச் சாம்பலின் மேல் மஞ்சளும் பழுப்பும் ஏறினால் கண்ணுக்குக் கிடைப்பது பச்சை கலந்த காக்கி. அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு "ஆலிவ்தான்" என்று முடிவு கட்டி, ஃபோர்டு எஞ்சினுக்கு ஆலிவ் அடித்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

இதற்கு ஒரே பரிசோதனைதான் நம்பத்தகுந்தது. பெயிண்டின் மேல்முகத்தைப் பார்க்காமல் அடிமுகத்தைப் பார்க்க வேண்டும். கூரான பிளேடால் ஒரு சிறு செதிலைப் பெயர்த்து, திருப்பிப் போட்டு, இரும்போடு ஒட்டியிருந்த பக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஆயில் கறை அவ்வளவு ஆழம் போயிருக்காது. சாம்பல் என்றால் அடிமுகம் சாம்பலாகவே இருக்கும். ஆலிவ் என்றால் அடியும் ஆலிவ், உடைந்த விளிம்பும் ஆலிவ்.

எங்கே தேடுவது? எஞ்சினில் மூன்று வகை இடங்கள் உண்டு. முதலாவது, பிசுக்கு தடிமனாகப் படிந்த பள்ளங்கள். டைமிங் கவருக்கும் (எஞ்சினின் முன்மூடி) பிளாக்குக்கும் நடுவே உள்ள மூலை, டேப்பட் கவரின் (பக்கவாட்டு வால்வு அறையை மூடும் தகடு) கீழ்விளிம்பு, சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போல்ட் வரிசைக்கு மேலே உள்ள ஓரம். கிரீஸும் மண்ணும் சேர்ந்த அந்தப் பிசுக்கு பெயிண்டைப் பாதுகாத்து வைத்திருக்கும். அதைக் கம்பி பிரஷால் உரிக்காதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி அதன்மேல் வைத்து, காலையில் மரக்குச்சியால் தள்ளினால் தானாகக் கழன்று வரும். தின்னர் அங்கே வரவே கூடாது.

இரண்டாவது, ஏதாவது ஒன்றுக்கு அடியில் மறைந்த இடங்கள். டைனமோ பிராக்கெட், ஆயில் ஃபில்டர் பிராக்கெட், எஞ்சின் மவுண்ட், ஒட்டிய தகடு இவற்றுக்கு அடியில். இங்கே பெயிண்ட் இருக்கிறதா, இல்லையா என்பதே பெரிய தகவல். எஞ்சினைக் கோர்த்து முடித்தபின் பெயிண்ட் அடித்திருந்தால் பிராக்கெட்டுக்கு அடியில் வெற்று இரும்பு இருக்கும், பெயிண்ட் பிராக்கெட்டின் ஓரத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். பிராக்கெட்டுக்கு அடியிலும் பெயிண்ட் இருந்தால், பாகங்கள் கழன்ற நிலையில் அடித்தது. அது ஓவராயில் நேரத்துப் பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தையும் இப்படியே படியுங்கள். கேஸ்கெட் விளிம்பின்மேல் ஏறிய பெயிண்ட் அந்த கேஸ்கெட் போட்டதற்குப் பிந்தியது. கேஸ்கெட்டுக்கு அடியில் போகும் பெயிண்ட் அதற்கு முந்தியது. இதைக் கவனித்தால் எந்த அடுக்கு எப்போது வந்தது என்று வரிசைப்படுத்தலாம். பழைய மேனிஃபோல்டு, ஹெட் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுங்கள்.

மூன்றாவது, வெயிலும் கையும் படும் இடங்கள்: ஹெட்டின் மேல்பகுதி, பிளாக்கின் பக்கச்சுவர். இவற்றை விட்டுவிடலாம்.

இடம் கிடைத்ததும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் அடுக்குகளைத் திறந்து பாருங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரல்நுனி அளவுக்கு மடித்து, தண்ணீர் தொட்டு, நடுவில் இரும்பு தெரியும்வரை வட்டமாகத் தேயுங்கள். பிறகு 800, 1200, 2000 என்று ஏறி மெருகூட்டினால் வளையம் வளையமாக ஒவ்வொரு அடுக்கும் தெரியும். உள்வளையத்திலிருந்து வெளியே எண்ண வேண்டும். இரண்டு வளையங்களுக்கு நடுவே மெல்லிய கருப்புக் கோடு இருந்தால், அது ஓட்டத்தில் படிந்த அழுக்கு. கீழே உள்ள அடுக்கு வெளியில் தெரிந்தபடி வண்டி கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கோடு இல்லாமல் ஒட்டி நின்றால் பிரைமரும் அதன் மேல்பூச்சும் ஒரே வேளையில் அடித்தவை. உள்வளையம் ரெட் ஆக்ஸைடு (துரு தடுக்கும் சிவப்பு பிரைமர்) என்றால் அதை முதல் நிறமாக எழுதிவிடாதீர்கள், அதற்கு மேலே உள்ளதைப் பாருங்கள். இப்படி நான்கைந்து இடங்களில் திறந்து, வரிசை எல்லா இடத்திலும் ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு இடத்தை நம்பி முடிவெடுப்பது சரியல்ல. ஹெட் மட்டும் வேறு எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம்.

அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர் தேய்ப்பு வேண்டாம், புளோ லாம்ப் வைத்துச் சுடுவது கூடவே கூடாது. மாஸ்க் போட்டு, தேய்த்த தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்து, சாப்பிடும் முன் கையைச் சோப்பால் கழுவுங்கள். பட்டறையில் சின்னப் பிள்ளைகள் நடமாடினால் இந்த வேலையை வேறு இடத்தில் வையுங்கள்.

மேல் அடுக்குகள் எவ்வளவு புதியவை என்று அறிய ஒரு பஞ்சுக்குச்சியும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும் போதும். எஞ்சினின் முக்கியமான இடத்தில் செய்யாமல், பெயர்த்தெடுத்த செதிலில் செய்யுங்கள். உடனே கரைந்து பஞ்சில் நிறம் ஏறினால் அது என்.சி. லேக்கர். சற்று நேரம் கழித்துச் சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் இக்கால பி.யு. (பாலியூரித்தேன்) அல்லது எபாக்ஸி. அடியில் எபாக்ஸி பிரைமர் தெரிந்தால் அந்த எஞ்சின் ஏற்கெனவே ஒரு தடவை முழுசாக உரிக்கப்பட்டது. அங்கே முதல் நிறம் கிடைக்காது. பிராக்கெட்டுகளிலும் கழற்றாத போல்ட்டுகளின் தலைக்கடியிலும் மட்டும் தேடிப் பாருங்கள்.

நிறத்தைப் பொருத்தும்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நிழலான திறந்த இடத்தில், பகல் பத்து மணிக்கு மேல், வானத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காய்ந்து வெளிறிய பெயிண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உள்ளிருக்கும் நிறம் தெரியும். கார் பெயிண்ட் கடையில் உள்ள நிறம் அளக்கும் கருவியை வைக்கச் சமமான பரப்பு வேண்டும். வார்ப்பிரும்பின் சொரசொரப்பிலும் வளைவிலும் அது தப்பாகப் படிக்கும். டேப்பட் கவர், சம்ப் மாதிரியான தகட்டுப் பாகங்களில், 2000 நம்பரில் மெருகேற்றிய இடத்தில் நான்கைந்து முறை வைத்து, ஒத்துவரும் அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் படத்தை அனுப்பி நிறம் கேட்பது வீண்வேலை.

நிற அட்டையின் எண்ணை மட்டும் சொல்லிப் பெயிண்ட் வாங்குவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பலர் சொல்லும் அமெரிக்க ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 எண்கள் 1956இல் வந்தவை. போர் முடிந்து பதினொரு வருஷம் கழித்து வந்த அட்டையில் போர்க்கால எஞ்சினின் நிறம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நெருக்கமான நிறம் கிடைக்கும், அவ்வளவுதான். ரால் என்ற ஜெர்மன் நிற அட்டையின் 6014ஐயும் கடைக்காரர்கள் நீட்டுவார்கள், அது போருக்குப் பிந்திய ஜெர்மன் இராணுவத்தின் நிறம். நம் ஊர் இந்தியத் தர (ஐ.எஸ்.) 5 அட்டையில் 220ஆம் எண் ஆலிவ் கிரீன், இந்திய வண்டிகளுக்குப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க அந்த அட்டை உதவும். 1944இல் வந்த அமெரிக்க இராணுவத்தின் டி.எம். 9-803 ஜீப் கையேட்டின் படங்கள் கருப்பு வெள்ளை. அவற்றில் நிறம் தெரியாது. ஆனால் எந்தப் பாகம் பிளாக்கோடு ஒரே தொனியில் இருக்கிறது, எது கருப்பு, எது வெற்று உலோகம் என்று நன்றாகத் தெரியும். அதற்காகவே அந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

கலக்கும்போது பெயிண்டர் பச்சை டின்னைத் திறந்தால் தடுத்துவிடுங்கள். ஆலிவ் டிராப் என்ற இராணுவ ஆலிவின் அடிப்படை மஞ்சள் ஓக்கரும் கருப்பும். இரண்டும் சேரும்போதே பச்சைச் சாயல் வந்துவிடும். பச்சை சேர்த்துப் பொருத்தினால் பட்டறை விளக்கில் கச்சிதமாகத் தெரியும், வெயிலுக்கு வந்ததும் தனித்து நிற்கும். 0.1 கிராம் காட்டும் தராசில் ஓக்கர் 100 கிராம் வைத்து, கருப்பை ஒரு கிராம் ஒரு கிராமாகச் சேர்த்து, ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒரு தகட்டில் தடவி எழுதிவையுங்கள். வெள்ளை கடைசியில், துளித்துளியாக. சாம்பலுக்கு இதையே தலைகீழாக, வெள்ளையில் தொடங்கிக் கருப்புக்குப் போக வேண்டும். எனாமல் காயும்போது நிறம் மாறும். ஈரத்தில் பொருத்தாமல் இரண்டு நாள் காயவிட்டு ஒப்பிடுங்கள். தகட்டில் பாதியை 90 முதல் 100 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் நல்லது. மலிவான எனாமலாக இருந்தால் சாம்பல் அங்கேயே மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்பையும் சேர்த்தே பொருத்த வேண்டும். ஒரே நிறம் பளபளப்பில் கருத்தும், பளபளப்பில்லாத மேட் பூச்சில் வெளிறியும் தெரியும். வண்டி உடம்பின் மேட் ஆலிவை அப்படியே எஞ்சினுக்கும் அடித்தால் ஆயில் கறையைத் துடைக்கவே முடியாது. பழைய செதிலின் மெருகைப் பார்த்து செமி கிளாஸில், அதாவது அரைப் பளபளப்பில், நில்லுங்கள்.

நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டு கோட்டுக்கு 300 மில்லி போதும். ஆனால் 500 மில்லி கலந்து மீதியைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். அடுத்த கேஸ்கெட் மாற்றத்தில் கீறல் விழும், அதே நிறத்தை மறுபடி கலப்பது மகா சிரமம். பெட்ரோல், ஆயில் பிசுக்கு போகக் கழுவி, உடனே காயவைத்து, எபாக்ஸி பிரைமர் மெல்லிசாக ஒரு கோட். சிந்தெடிக்குக்கு 10 முதல் 15 சதம் எம்.டி.ஓ. (மினரல் டர்பன்டைன்), ஸ்ப்ரே கன்னில் 1.4 மில்லிமீட்டர் நாசில், 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வார்ப்பின் சொரசொரப்பை பட்டி போட்டு மூடாதீர்கள், அது எஞ்சினின் முகம். டைனமோ, செல்ஃப் மோட்டார் உட்காரும் இடங்களில் எர்த் தொடர்புக்கு வெற்று இரும்பு வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்ட மறந்தால், புது வயரிங் போட்ட பிறகும் செல்ஃப் சோம்பும், எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் குறை சொல்வார். வெளிக்கம்பெனிகளிலிருந்து வந்த டைனமோ, செல்ஃப் போன்றவை பொதுவாகக் கருப்பு. கார்புரேட்டருக்குப் பெயிண்டே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் குளிப்பாட்டுவது இங்கே பரவலான பழக்கம், தூரத்திலிருந்தே தப்பு தெரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எந்த எனாமலும் நிற்காது, சில நாளில் கருகி உரியும். வெறுமையாக விடலாம், அல்லது 500 டிகிரி தாங்கும் சிலிகான் பெயிண்ட்.

வேலையை மலைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். குமுளிப் பக்கம் ஜூன் முதல் மழையும் மூடுபனியும். அந்த ஈரத்தில் என்.சி. வெண்மை பூத்துவிடும், எனாமல் மெருகிழக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அதே மாதங்களில் மழை குறைவு, ஆனால் காற்று தூக்கும், மண் வந்து ஒட்டும். காற்று கிளம்புவதற்கு முன், விடிந்து ஈரம் விட்ட பிறகு உள்ள சில மணி நேரத்தில் தரையில் தண்ணீர் தெளித்து அடித்து முடிக்க வேண்டும்.

இந்திய இராணுவத்தின் ஜோங்கா ஜீப், சக்திமான் லாரி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், ஒரு வேறுபாட்டோடு. இந்திய இராணுவப் பணிமனைகளில் ஓவராயில் ஆனபோதெல்லாம் மறுபூச்சு விழுந்திருக்கும். அடியில் உள்ளது ஜபல்பூர் ஃபேக்டரிப் பூச்சு, அதன்மேல் பணிமனைப் பூச்சு. இரண்டில் எதை மீட்பது என்பது வண்டிக்காரரின் தேர்வு. வண்டி பட்டாளத்திலிருந்து வெளியே வந்த நாளில் இருந்த அடுக்கே அதன் சரியான நிறம் என்பது என் கருத்து. போர்க்கால ஜீப்புக்கு மட்டும் அடி அடுக்குக்குப் போகலாம்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் கிரீன் பூசக்கூடாது. மாநில எல்லையைத் தாண்டி ஓடும் வண்டிக்கு இரண்டு பக்கமும் கேள்வி வரும். உடம்பில் பிரஷ் வைப்பதற்கு முன் ஆர்டிஓவில் கேளுங்கள், ஆர்சியில் உள்ள நிறத்தை மாற்றுவதானால் அதையும் எழுதி வாங்குங்கள். 50 வருஷம் கடந்த, அசல் நிலையிலுள்ள வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அந்தப் பதிவில் வாடகைக்கு ஓட்ட முடியாது. அசல் நிலை என்று காட்ட, பெயிண்ட் அடுக்குகளின் படங்களும் எழுதிவைத்த குறிப்புகளும் கையில் இருந்தால் ஆய்வு நேரத்தில் பேச வசதி.

புதுப் பெயிண்ட் அடிக்கும்போது ஆயில் ஃபில்டர் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில், தேய்த்துத் திறந்த வளையங்களில் ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். மாஸ்கிங் டேப்பால் மூடி, சுற்றிலும் அடித்து, டேப்பை எடுத்தபின் நிறமில்லாத வாக்ஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். தெளிவான வார்னிஷ் அடித்தால் அதுவும் மஞ்சளாகி, சாம்பலை மறுபடி ஆலிவாகக் காட்டும். அடுத்து இந்த எஞ்சினைப் பிரிக்கிறவருக்கு அந்த வளையம் முதல் நிறத்தை நேரில் காட்டும், உங்கள் குறிப்பேடு கிடைக்காவிட்டாலும்.